'கொஞ்சம்' தெரிந்தவனுக்கு 'லிட்டில்' எதற்கு?

கொரிய மொழியில் தண்ணீர் கேட்பதென்றால் 'முல் ஜோம் ஜுசேயோ' என்பார்கள். முல் என்றால் தண்ணீர். ஜுசேயோ என்றால் கொடுங்கள். நடுவில் நிற்கிற ஜோம் என்ன? நம் பக்கத்தில் நடக்கும் ஒரு கொரிய வகுப்பில் கொடுத்த தாளில் அதற்கு நேராக 'எ லிட்டில்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்த பிள்ளைகள், கொரியர்கள் பாவம், அரை டம்ளர்தான் குடிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்று 'கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா' என்று கேட்டால் யாராவது அளந்து அரை டம்ளர் கொண்டுவருவோமா? செம்பு நிறையத்தான் கொண்டுவருவோம். 'கொஞ்சம் நகருங்க', 'கொஞ்சம் இந்தப் பையைப் பிடிங்க', 'கொஞ்சம் வாயை மூடு' இதிலெல்லாம் எங்கே இருக்கிறது அளவு? ஏவுகிற பேச்சின் கூர்மையை மழுக்க வந்த சொல் அது. (கடைசி உதாரணத்தில் அவ்வளவாக மழுங்கவில்லை, அது வேறு விஷயம்.) ஜோம் என்பதும் அதேதான். 'ஜோகும்' என்று, சிறிய அளவைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு. அது சுருங்கி ஜோம் ஆனது. அளவையும் சொல்லும், கேட்பவரின் பணிவையும் சொல்லும். தமிழ்ப் பிள்ளைக்கு இதை விளக்க ஒரு வரி போதும்: 'ஜோம்னா நம்ம கொஞ்சம்தான்டா.' அந்த ஒரு வரியைச் சொல்லாமல், அவனை லண்டன் வரைக்கும் அழைத்துப்போய் அங்கிருந்து சோலுக்கு விமானம் ஏற்றுவானேன்?

என் கோபம் அந்தத் தாளின் மேல்தான். கொரிய மொழியின் வினையடைகளை ஆங்கிலத்தின் வழியாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வீண் வேலை மட்டுமல்ல, கெடுதலான வேலை என்பது என் கட்சி.

என்னைத் தெரியாத புதிய வாசகர்களுக்கு: நான் பள்ளியில் முப்பத்தொரு வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியபோது நம் ஊரில் கொரிய மொழி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இன்று என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு கொரியத் தொழிற்சாலையிலோ, அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் இடத்திலோ இருக்கிறார்கள். மீதிப்பேரின் பிள்ளைகள் கொரியத் தொடர் பார்க்கிறார்கள். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அறுபத்திரண்டு வயதில் நானும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில் என் பழைய மாணவனின் மகள். மூன்று வருடமாகிறது. ஆகவே இது வெளியில் நின்று கல்லெறிகிற பேச்சு அல்ல.

ஒரு முன்குறிப்பு. கொரிய ஒலிகள் தமிழ் எழுத்தில் முழுதாக அகப்படாது. முடிந்தவரை எழுதியிருக்கிறேன். கொரியம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

'சும்மா' என்றேன் அல்லவா, அதையே எடுத்துக்கொள்வோம். 'குன்யாங்' என்று ஒரு கொரிய வினையடை. தொடர் பார்க்கிறவர்கள் காதில் நூறு தடவை விழுந்திருக்கும். தாளில் இதற்கு நேராக மூன்று ஆங்கிலச் சொற்கள் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல் கிடையாது, ஆகவே திணறியிருக்கிறார்கள். நம்மிடம் இருக்கிறதே! 'ஏன் வந்தே?' என்று கேட்டால் 'குன்யாங் வஸ்ஸொயோ', சும்மாதான் வந்தேன். 'குன்யாங் துசேயோ', சும்மா விடுங்க, அப்படியே இருக்கட்டும். காசு வாங்காமல் ஒரு பொருளைக் கொடுத்தால் அதற்கும் குன்யாங்தான். நாமும் 'கடைக்காரர் சும்மாவே குடுத்துட்டார்' என்போம். மூன்று பொருளுக்கும் ஒரே சொல் வருகிறது என்பதைப் பார்த்த அன்று எனக்கு இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். நம் சும்மாவுக்கு இன்னும் வேலைகள் உண்டு. 'ஆடாம சும்மா இரு' என்கிறோம். அதற்குக் கொரியத்தில் வேறு சொல், 'கமன்ஹி'. 'சும்மா போனவனை வம்புக்கு இழுத்துட்டேன்', அதாவது தேவையில்லாமல், என்று வருத்தப்படும் இடத்தில் 'க்வென்ஹி'. 'சும்மா சும்மா போன் பண்ணாதே' என்றால் 'ஜக்கு'. ஆக நம் ஒரு சும்மாவை அவர்கள் நாலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த நாலையும் ஒரு தமிழ்ப் பையனுக்கு நாலு தமிழ் வாக்கியத்தில் சொல்லிவிடலாம். வாழ்நாளில் மறக்கமாட்டான். ஆங்கிலத்தின் வழியாகச் சொன்னால் நாலும் நாலு தொடர்பில்லாத சொற்களாக, பட்டியலில் நாலு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். சிதறித்தான் கிடக்கின்றன.

இதைப்போல இன்னொன்று: 'பொல்ஸொ', 'இமி'. தாளில் இரண்டுக்கும் 'ஆல்ரெடி'. இரண்டும் ஒன்றென்று நினைத்து மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் பிள்ளைகள். இமி என்பது நம் 'ஏற்கனவே'. நடந்து முடிந்த சேதி, அவ்வளவுதான். பொல்ஸொ என்றால் 'அதுக்குள்ளேயா?' எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நடந்துவிட்டதே என்ற வியப்பு அதில் இருக்கிறது. விருந்தாளி எழுந்து செருப்பைத் தேடும்போது நாம் 'ஏற்கனவே கிளம்பிட்டீங்களா?' என்றா கேட்போம்? 'அதுக்குள்ளே கிளம்பிட்டீங்களா?' என்போம். கொரியரும் அந்த இடத்தில் பொல்ஸொதான் சொல்வார். இந்த வேறுபாடு தமிழில் நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு 'ஆல்ரெடி'யைக் கையில் கொடுக்கிறோம்.

'கும்பாங்' என்று ஒரு சொல். 'இப்போதுதான் வந்தேன்' என்பதற்கும் கும்பாங், 'இதோ உடனே வருகிறேன்' என்பதற்கும் கும்பாங். ஒரு சொல் எப்படி இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒன்றாக வரும் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். இங்கிலீஷ் மீடியம் பையன். ஏம்ப்பா, 'இப்பத்தான் வந்தேன்', 'இப்ப வந்துடறேன்' என்று உன் வீட்டில் யாரும் பேசுவதில்லையா?

சரி, இதெல்லாம் சொல் நயம், வாத்தியாருக்குப் பொழுது போகவில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சங்கதி சொல்கிறேன்.

என் பழைய மாணவன் ஒருவன். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு ஐ.டி.ஐ. உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் வேலை. ஆறு மாதம் கொரிய வகுப்புக்குப் போனான். ஒரு நாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் கொரிய மேலாளர் வந்து ஓ.டி. பார்க்கிறாயா என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பையனின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது. இருக்க முடியாது. படித்ததைக் காட்டும் ஆசையில் கொரியத்திலேயே 'அன் ஹேயோ' என்று சொல்லியிருக்கிறான். மேலாளர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அடுத்த மாதம் லைன் லீடர் பட்டியலில் வரவேண்டிய இவன் பெயர் வரவில்லை. 'மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொன்னியாமே' என்று மேற்பார்வையாளர் கேட்டபோதுதான் இவனுக்கு விஷயமே தெரிந்தது.

கொரியத்தில் எதிர்மறைக்கு இரண்டு வினையடைகள் உண்டு, 'அன்' என்றும் 'மோத்' என்றும். வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பவை. நாம் இல்லை, மாட்டேன், முடியாது என்று வினைக்குப் பின்னால் சேர்ப்பதை அவர்கள் முன்னால் சேர்க்கிறார்கள். அன் ஹேயோ என்றால் செய்வதில்லை, செய்ய மாட்டேன். தன் விருப்பம் அது. மோத் சேர்ந்தால் 'மோத்தேயோ', செய்ய இயலவில்லை, சூழ்நிலை விடவில்லை. அழைத்தவர் முகம் கோணாமல் மறுக்க இந்த மோத்தான் வேண்டும். தாளில் அன்னுக்கு நேராக 'நாட்' என்றிருந்தது. நாட் என்றால் இல்லை, அவ்வளவுதானே என்று பையன் எடுத்துக்கொண்டான். அதே இடத்தில் 'அன்: மாட்டேன், மோத்: முடியலை' என்று தமிழில் இரண்டு சொல் அச்சடித்திருந்தால் அவனுக்கு லைன் லீடர் சம்பளம் வந்திருக்கும். நம் 'முடியாது' சில நேரம் 'முடியாது போடா' என்று திமிராகவும் வரும், ஆகவே 'முடியலை' என்று போடுவதுதான் பாதுகாப்பு. இதையெல்லாம் யோசித்து எழுத வேண்டும். மாதக் கட்டணம் அதற்குத்தானே வாங்குகிறீர்கள்?

அன் நிற்கும் இடத்திலும் ஒரு கண்ணி உண்டு. 'கோங்பு ஹேயோ' என்றால் படிக்கிறேன். கோங்பு என்பது படிப்பு என்ற பெயர்ச்சொல், ஹேயோ, செய்கிறேன். படிக்கவில்லை என்பதற்கு அன்னை எங்கே வைப்பது? பிள்ளைகள் முன்னால் கொண்டுபோய் 'அன் கோங்பு ஹேயோ' என்கிறார்கள். தவறு. 'கோங்பு அன் ஹேயோ' என்று நடுவில்தான் வரவேண்டும். தமிழில் 'படிப்புப் பண்ணலை' என்று பிரித்துச் சொல்லிப் பார்த்தால், இல்லை என்பது எந்தத் துண்டோடு ஒட்டுகிறது என்று தானே விளங்கும்.

'ஜல்' என்ற சொல் நம் 'நல்லா' தான். ஜல் போட்டுச் சாப்பிடச் சொல்லலாம், தூங்கச் சொல்லலாம், போய்வரச் சொல்லலாம். நாமும் நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு, நல்லபடியா போயிட்டு வா என்போம். ஆனால் அதனோடு மோத் சேரும்போது எச்சரிக்கை தேவை. இடம்விட்டு 'ஜல் மோத்தேயோ' என்று எழுதினால் 'எனக்கு அவ்வளவு நன்றாக வராது' என்ற அடக்கமான பேச்சு. இடம்விடாமல் 'ஜல்மோத்' என்று ஒன்றாகச் சேர்ந்தால் அது 'தப்பு' என்ற தனிச்சொல். 'ஜல்மோத்தெஸ்ஸொயோ' என்றால் தப்புச் செய்துவிட்டேன், மன்னியுங்கள் என்று பொருள். ஓர் இடைவெளியில் அடக்கம் குற்றமாகிவிடுகிறது.

இனி எதிர்க்கட்சியின் வாதங்களைப் பார்ப்போம்.

முதல் வாதம்: 'சார், புத்தகமே இங்கிலீஷில்தான் கிடைக்கிறது. அது பொது மொழி. அதன் வழியாகப் போனால் என்ன?' புத்தகம் எந்த மொழியில் இருந்தால் என்ன, வகுப்பில் நிற்கிற ஆசிரியர் தமிழர், உட்கார்ந்திருப்பவர்கள் தமிழர்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை தமிழில் சொல்ல யார் தடுத்தது? கேட்டால் 'பிள்ளைகள் இங்கிலீஷும் கற்றுக்கொள்ளட்டுமே' என்கிறார்கள். என் மாணவனின் மகள் என்றேனே, அவளுக்கு மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்று ஆசை. அவளுடைய தோழி ஒருத்தி, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள், சேர வந்தபோது 'முதலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் முடித்துவிட்டு வாம்மா' என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பையும் மாடியில் அவர்களேதான் நடத்துகிறார்கள். இரண்டு கட்டணம். அந்தப் பெண்ணின் அப்பா வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். அவள் திரும்பி வரவில்லை.

கொரியம் கற்க ஆங்கிலம் தகுதி என்பது எந்த ஊர் நியாயம்? ஆங்கிலத்தில் வினை நடுவில் வரும், வினையடை அதற்குப் பின்னால் எங்கேயாவது தொங்கும். கொரியத்தில் வினை கடைசியில், வினையடை அதற்கு முன்னால். தமிழிலும் அப்படியே. 'சோற்றை வேகமாகச் சாப்பிட்டான்' என்று சொல்கிற பிள்ளைக்கு 'பபுல் பல்லி மொகொஸ்ஸொயோ' என்ற வரிசை தானாக வரும். அவனை ஆங்கில வாக்கியமாக யோசிக்கவைத்து, 'மொகொஸ்ஸொயோ பல்லி' என்று வாலில் கட்டவைத்து, பிறகு அதைத் திருத்துவதற்கு மூன்று வகுப்பு எடுக்கிறார்கள். இல்லாத நோயைக் கொடுத்து மருந்து விற்பது இது.

(பல்லி என்றால் சீக்கிரம். நம்முடைய பல்லி அல்ல. ஆலையில் 'பல்லி பல்லி' என்று கொரியர்கள் கத்துவதைக் கேட்டு முதல் வாரம் சுவரை நிமிர்ந்து பார்த்தவர்கள் நம் ஊரில் உண்டு.)

இரண்டாவது எதிர்க்கட்சி நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. வாட்ஸப்பில் தினமும் வருகிறதே, 'தமிழும் கொரியமும் ஒன்றே! அம்மா, அப்பா, நான், நீ எல்லாம் அவர்களிடமும் உண்டு!' என்று. இவர்கள் என் நண்பர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்களால் வருகிற கெடுதல் வேறுவகை. ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மொழியியலாளர்கள் பெரும்பாலும் அந்த உறவை ஏற்கவில்லை. அம்மா, அப்பா போன்ற குழந்தைப் பேச்சு உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். 'நான்' போல் காதில் விழும் கொரிய 'நன்' என்பது 'ந' என்ற சொல்லோடு 'நுன்' என்ற உருபு சேர்ந்து சுருங்கியது. அந்த னகரமெய் உருபிலிருந்து வருவது, நம் நானில் இருப்பது அல்ல.

ஒலியை நம்பி வினையடைக்குள் இறங்கினால் என்ன ஆகும் தெரியுமா? 'அக்கா' என்று ஒரு கொரிய வினையடை. 'சற்று முன்னால்' என்று பொருள். யாருக்கும் மூத்தவள் அல்ல. 'அமா' என்று ஒன்று, பேச்சில் நம் 'ஆமா' மாதிரியே விழும். அதன் பொருள் 'ஒருவேளை'! சரக்கு நாளைக்கு வருமா என்று கேட்டவருக்கு 'அமா' என்று பதில் வந்தால், வரும் என்று நம்பிக்கொண்டு லாரிக்குச் சொல்லிவிடக் கூடாது.

நான் சொல்லும் ஒற்றுமை ரத்த உறவு அல்ல. வாக்கியம் கட்டுகிற முறையில் உள்ள ஒற்றுமை. பக்கத்து ஊர் கொத்தனாரும் நம் ஊர் கொத்தனாரும் மாமன் மச்சானாக இருக்க வேண்டியதில்லை. இருவரும் ஒரே மாதிரி சாரம் கட்டுகிறார்கள், அது போதும் நமக்கு.

மூன்றாவது வாதம்தான் எனக்கு அதிகக் கோபம் வரவழைப்பது. 'வினையடை என்பது அலங்காரம் சார். முதலில் பெயர், வினை படிக்கட்டும். அடைமொழி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.' இது ஆங்கில இலக்கணத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு. வினை கடைசியில் வரும் மொழியில், கேட்பவன் வாக்கியம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை அவனுக்கு வழிகாட்டுவது வினையடைதான். தமிழில் நான் 'அவ்வளவா' என்று ஆரம்பித்தாலே நீங்கள் 'இல்லை'யை எதிர்பார்க்கிறீர்கள். கொரியத்தில் 'ப்யொல்லொ' வந்தால் அப்படி ஓர் எதிர்மறை வந்தே தீரும். ப்யொல்லொ அன் ஜோஆயோ, அவ்வளவா நல்லா இல்லை. 'ஜொன்ஹ்யொ' என்றால் 'சுத்தமா'; அடுத்து 'மோல்லயோ', தெரியாது. 'அமுரி' வந்தால் 'எவ்வளவுதான்' என்று பொருள். பின்னால் நம் '-ஆலும்' போல ஒரு விகுதி வரும். அமுரி பப்பதோ, எவ்வளவுதான் வேலை நெருக்கினாலும். 'மன்யாக்' வந்தால் '-ஆல்' வரும். மன்யாக் பிகா ஓம்யொன், ஒருவேளை மழை வந்தால். முன்னே சொன்ன அமா வந்தால் முடிவும் 'வருவார் என்று நினைக்கிறேன்' என்கிற பாணியில்தான் அமையும்.

கொரிய இலக்கணத்தில் இந்தப் பொருத்தத்துக்குத் தனியாகப் பெயரே உண்டு, 'ஹோஉங்' என்று. ஒன்று கூப்பிட மற்றது ஏன் என்று கேட்பது. தொழிற்சாலைக் கூட்டத்தில் மேலாளர் நீளமாகப் பேசும்போது பாதி வாக்கியத்திலேயே அது சம்மதமா மறுப்பா என்று பிடித்துக்கொள்பவன்தான் நல்ல மொழிபெயர்ப்பாளன். அந்தப் பிடி வினையடையில் இருக்கிறது. தோபிக் தேர்வின் முதல் கட்டத்திலேயே, வாசிப்புப் பகுதியில், வெற்றிடத்துக்குப் பொருந்தும் வினையடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அதை நடத்துகிற கொரியர்களுக்கு அது அலங்காரம் இல்லை. இவர்களுக்கு அலங்காரம்!

சுட்டிலிருந்து பிறக்கும் வினையடைகளைப் பாருங்கள். இரொக்கே, இப்படி. ஒத்தொக்கே, எப்படி. இடையில் அவர்களுக்கு இரண்டு. கேட்பவர் பக்கம் இருப்பதையோ, பேச்சில் முன்பே வந்ததையோ சுட்டினால் குரொக்கே. இருவருக்கும் தள்ளி இருந்தால் ஜொரொக்கே. தாளில் இரண்டுக்கும் 'லைக் தட்'. அ, இ, உ என்று சுட்டெழுத்து மூன்று என்பது நம் தொல்காப்பியத்திலேயே உள்ள செய்தி. உகரச் சுட்டு நம் பக்கம் வழக்கொழிந்துவிட்டது, ஆனால் யாழ்ப்பாணத்தார் இன்றும் 'உது', 'உப்பிடி' என்று பேசுவார்கள். மூன்றாம் சுட்டு என்ற எண்ணம் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல, தூசி தட்டினால் போதும்.

இரட்டைக்கிளவிக்கு வருகிறேன். இதில் நிற்கத் தொடங்கினால் பதிவு முடியாது. நட்சத்திரம் 'பஞ்ஜக் பஞ்ஜக்' என்று மின்னும். நெஞ்சு 'துகுன் துகுன்' என்று அடித்துக்கொள்ளும். பூனை 'சல்கும் சல்கும்' என்று பதுங்கிப் பதுங்கி வரும். குழந்தை 'அஜங் அஜங்' என்று தத்தித் தத்தி நடக்கும். மழையென்றால் கொட்டும்போது 'ஜுருக் ஜுருக்', தூறும்போது 'போசுல் போசுல்'. தாளில் இந்த மழை இரண்டுக்கும் 'ஹெவிலி', 'லைட்லி' என்று எழுதியிருக்கிறார்கள். மழை நின்றுபோன மாதிரி இருக்கிறது. சோவென்று, பிசுபிசுவென்று என்று போட்டிருந்தால் தாளே நனைந்திருக்கும்.

நம்மைவிட அவர்கள் இதில் இரண்டு படி மேலே போயிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உயிரெழுத்தை மாற்றினால் பொருளின் பருமன் மாறும். பஞ்ஜக் என்பது நட்சத்திர மினுக்கல். 'பொஞ்ஜொக்' என்றால் மின்னல் வெட்டு. கூழாங்கல் குளத்தில் விழுந்தால் 'போங்தங்', ஆள் குதித்தால் 'பூங்தொங்'. நம்மிடமும் சின்ன மணி கிணுகிணு, பெரிய மணி கணகண என்று உண்டு, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அவர்களிடம் ஏறக்குறைய விதியாகவே இருக்கிறது. இரண்டாவது, நம் இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது. 'சல' என்று ஒற்றையாகச் சொல்லிப் பயனில்லை. கொரியத்தில் பஞ்ஜக் என்று ஒற்றையாகவும் வரும். ஒரே ஒரு தடவை மின்னிற்று என்று பொருள். இந்த வேறுபாட்டை உணர முதலில் இரட்டைக்கிளவி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அது எட்டாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைக்குத் தெரியும்.

விகுதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. '-கே' என்பது நம் '-ஆக'. யெப்புகே, அழகாக. '-இ', '-ஹி' என்றும் இரண்டு உண்டு. எங்கே இ, எங்கே ஹி என்பதற்கு 1988-ல் அரசு வெளியிட்ட எழுத்து விதிகளில் ஒரு விதி இருக்கிறது. உச்சரிப்பைப் பார்த்து எழுது என்கிறது. கொரியர்களே அதில் தடுமாறி அகராதியைப் புரட்டுகிறார்கள். நாம் வல்லினம் மிகுமா மிகாதா என்று விழிப்பதைப் போல.

'நொமு' என்ற சொல்லுக்கு வந்த வாழ்வு சுவையானது. 'அளவுக்கு மீறி' என்பது அதன் பொருள். ஆகவே குறை சொல்லும் இடத்தில் மட்டுமே வரலாம் என்று அகராதி சொல்லிவந்தது. ஜனங்கள் கேட்கவில்லை. நொமு அழகு, நொமு நல்லது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தேசிய கொரிய மொழி நிறுவனம் 2015-ல் இறங்கிவந்து, நல்ல இடத்திலும் நொமு வரலாம் என்று அகராதியைத் திருத்தியது. தாளில் இன்னும் 'டூ மச்' என்றுதான் இருக்கிறது. 'ரொம்ப' என்று போட்டால் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். 'ரொம்ப நல்லா இருக்கு', 'ரொம்பத்தான் பண்றே'. வேறென்ன வேண்டும்?

இந்த மூன்று வருடத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டில் இடது பக்கம் கொரிய வினையடை, வலது பக்கம் நம் பேச்சுத் தமிழ், கீழே எங்கே ஒத்துப்போகும் எங்கே காலை வாரும் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலம் ஒரு சொல் கிடையாது. அதை ஜெராக்ஸ் எடுத்து அந்த வகுப்பு நடத்துகிறவரிடம் கொடுத்தேன். 'நல்லாயிருக்கு சார், ஆனா ஸ்டாண்டர்டா இருக்காது' என்று மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். சரி. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நம் வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகள் உட்காருகிறார்கள். அந்த ஆட்டோக்காரர் மகளும் வருகிறாள். கட்டணம் கிடையாது; குன்யாங்தான்.

போன வாரம் 'சராரி' என்ற சொல் வந்தது. இரண்டு கஷ்டத்தில் இதுவே தேவலை என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது வருவது. 'இங்க நின்னு திட்டு வாங்கறதுக்குப் பேசாம வீட்டுக்குப் போயிடலாம்' என்கிறோமே, அந்தப் 'பேசாம' தான் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். அப்படியே நோட்டில் ஏற்றிவிட்டேன். அடுத்தது 'ஓஹிர்யொ'. உதவப் போனவன் பாராட்டு வாங்காமல் ஏச்சு வாங்கினால், ஏச்சுக்கு முன்னால் வரும் சொல். 'எதிர்மாறா' என்கிறாள் ஒருத்தி, 'உல்டாவா' என்கிறான் ஒருவன், என் மனைவி அடுப்படியிலிருந்து 'போதாக்குறைக்கு' என்கிறாள். மூன்றையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இந்த இடத்தில் என்ன சொல்வீர்கள் என்று கீழே எழுதுங்கள். வருகிற ஞாயிறுக்குள் பேனாவால் எழுத வேண்டும்.